நாலாவது பெயர்

ரத்நசிறி சேரின் மானத்தை வாங்க ஐம்பத்திரண்டு விநாடி போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ஏழு வருடமாக அந்த ஐம்பத்திரண்டு விநாடியும் ஒரு சின்ன மெமரி கார்ட்டில் என் பணப்பைக்குள் கிடந்தது. மற்றவர்கள் பணப்பைக்குள் பிள்ளைகளின் படத்தை வைத்திருப்பார்கள். நான் அவனுடைய குரலை வைத்திருந்தேன்.

என் பெயர் அரூஸ். கண்டியிலிருந்து கடுகண்ணாவைக்குப் போகிற வீதியில், எங்கள் சந்தியில், ஒலிபெருக்கி செட் வாடகைக்கு விடுகிறேன். கலியாணம், கோயில் திருவிழா, பன்சலை என்கிற பௌத்த விகாரையில் பிரித் ஓதல், பாடசாலை விளையாட்டுப் போட்டி, தேர்தல் கூட்டம் என்று எது வந்தாலும் நானும் என் கூட்டாளி சந்திரகுமாரும் பெட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவோம். யார் பேசினாலும் எங்களுக்கு ஒன்றுதான், சத்தம் இரையாமல் கடைசி வரிசைக்குப் போனால் சரி. யார் பேசினாலும் ஒன்றுதான் என்று நினைத்ததற்காக என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்த நாட்கள் உண்டு.

போன மாதம் சஞ்சீவனி என்ற பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். கண்டி வாவிக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் அவளுடைய அமைப்பு பொது விவாதம் நடத்துகிறது. 'தேசப்பற்றும் மதச் சகிப்புத்தன்மையும்' என்று தலைப்பு.

"மைக்கு நாலு வேணும் அண்ணே. ஒரு மௌலவி வாறாரு, ஒரு ஃபாதர் வாறாரு, கெம்பஸ்ல இருந்து ஒரு மேடம். அப்புறம் ரத்நசிறி சேர். ஹிஸ்டரி டியூஷன் சேர், தெரியுந்தானே? முந்தி ஒரு மாதிரிப் பேசினவரு, இப்ப ரொம்ப மாறிட்டாரு. நல்லிணக்கம்னா இப்ப அவரத்தான் எல்லாரும் கூப்பிடுறாங்க."

அவள் திகதியைச் சொல்லி முடிப்பதற்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாறிவிட்டாராம்! எரித்தவனுக்கு மாறுவது லேசு. எரிந்தவர்கள்தான் அப்படியே இருக்கிறார்கள்.

ரத்நசிறி சேருக்கு நல்ல குரல். அதை மறுத்தால் நான் தொழில் தெரியாதவன். முந்நூறு பிள்ளைகள் இருக்கிற மண்டபத்தில் மைக் இல்லாமலே பேசக்கூடியவன், ஆனால் மைக் இல்லாமல் பேச மாட்டான். பதின்மூன்று வருடம் அவனுடைய வகுப்புகளுக்கு நான்தான் செட் போட்டேன். ஏழு வருடத்துக்கு முந்தின மார்ச் மாதம், கண்டியைச் சுற்றிக் கடைகள் எரிவதற்குச் சில நாட்களுக்கு முன் என்னைக் கூப்பிட்டான். சந்தியில் ஆர்ப்பாட்டம், வீதி விளக்குகள் எரிவதில்லை என்று பேசப்போகிறோம், நாலு கோன் ஸ்பீக்கர் போதும் என்றான்.

காலையிலேயே போய்க் கட்டினோம். சந்திரகுமார் கம்பத்தில் ஏறினான். நான் கீழே நின்று, ஒரு கோனைப் பசார் பக்கம் திருப்பச் சொன்னேன். சனம் இருக்கிற பக்கம் கோனைத் திருப்புவது செட்காரனுக்குக் கைப்பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. பத்து மணிக்கு ஊர்வலம் வந்தது, பதாகையை விரித்தார்கள். வீதி விளக்கைப் பற்றி அதில் ஓர் எழுத்தும் இல்லை. முஸ்லிம் கடையில் வாங்காதே என்று இருந்தது.

அந்த நிமிடமே வயரைப் பிடுங்கியிருக்க வேண்டும். சுற்றிவர ஐந்நூறு பேர் நின்றார்கள், எல்லோரும் என் தாடியைப் பார்த்தார்கள். ரத்நசிறி சேர் என் தோளில் தட்டி, "உன்னைப் பற்றி இல்லை அரூஸ், நீ நம்ம ஆள்" என்று சிங்களத்தில் சொன்னான். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது. செட்டை நடுவில் கழற்றினவன் என்று பெயர் வந்தால் இனி எந்தப் பன்சலையும் கூப்பிடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் பயம்.

தேசம், இனம், முன்னோர் என்று முக்கால் மணி நேரம் பேசினான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்துக் கடைப் பெயர்களை வாசிக்கத் தொடங்கினான். இரண்டு பெயர் வாசித்ததும் பின்னாலிருந்து யாரோ கேட்கவில்லை என்று கத்தினான். "பின்னால் கேட்கவில்லையாம், கொஞ்சம் கூட்டு" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். நான் கூட்டினேன். கூட்டிவிட்டு, எந்த நிகழ்ச்சியிலும் செய்கிற மாதிரியே, மேசை மைக்கை வாய்க்கருகில் எடுத்து "தென் ஹரித, சேர்?" என்று கேட்டேன். இப்போது சரியா, சேர் என்று கேட்டேன்! அவன் சரி என்று தலையாட்டிப் பட்டியலை முதலிலிருந்து மறுபடியும் வாசித்தான். இம்முறை பசார் முழுக்கக் கேட்டது.

நாலாவது பெயர் ஹுஸைன் பேக்கரி.

ஹுஸைன் என் மச்சான், என் மூத்த சகோதரி றம்லத்தின் கணவர். எங்கள் வீடுகளில் மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். உம்மா மௌத்தாகி நான் தாயில்லாமல் நின்ற பிறகு என்னை வளர்த்தவள் றம்லத் தாத்தாதான். மூன்றாம் நாள் பேக்கரிக்குத் தீ வைத்தார்கள். உள்ளே இரண்டு கேஸ் சிலிண்டர் இருந்தன. அவை வெடித்தால் பக்கத்து வீடுகளும் போய்விடும் என்று மச்சான் உள்ளே ஓடி இரண்டையும் இழுத்து வெளியே போட்டார். பக்கத்து வீடுகளில் ஒன்று ரத்நசிறி சேரின் கூட்டத்துக்குக் கொடி பிடித்தவனுடையது. அந்த வீட்டுக்கு ஒரு கீறல் விழவில்லை. மச்சானுடைய நெஞ்சு புகையில் வெந்து, பதினொரு மாதம் மூச்சுக்குத் தவித்து, மௌத்தானார்.

ஆர்ப்பாட்டத்துக்குச் செட் போட்டது யார் என்று தாத்தாவுக்குத் தெரியாது. அன்றைக்கு நான் கம்பளையில் ஒரு கலியாண வீட்டில் இருந்ததாகச் சொல்லியிருந்தேன். அவளுக்கு இடியப்பம் விற்க மெஷின் வாங்கிக் கொடுத்தேன், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கினேன், கூரைக்குத் தகரம் மாற்றினேன். நல்ல தம்பி என்று ஊரே சொன்னது.

குரல் எப்படி என் கையில் இருந்தது என்று கேட்பீர்கள். ஒரு பாடசாலை விழாவில் மைக் நடுவில் நின்றுவிட்டது என்று அதிபர் வீண் பழி போட்ட நாளிலிருந்து, நான் எந்த நிகழ்ச்சியையும் மிக்சரிலிருந்தே பதிவு செய்துவிடுவேன். செட் போட்டதிலிருந்து கழற்றும் வரை எல்லாம் விழும். பேச்சும் விழும், இருமலும் விழும், என் மேசை மைக்கும் விழும். விவாதத்துக்கு முந்தின வாரம், மெமரி கார்ட்டிலிருந்த அந்த முழுப் பதிவைக் கணினியில் போட்டு, என் குரல் முடிந்த இடத்திலிருந்து ஐம்பத்திரண்டு விநாடி வெட்டி எடுத்தேன். பட்டியல் மட்டும் அதில் இருந்தது.

சந்திரகுமார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் ஆட்கள் அண்ணனை நானா என்போம், அவனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

"நானா, வேணாம் விடுங்க. போறோம், செட்டப் போடுறோம், வாறோம். அன்னைக்கு அந்தக் கோன நானுந்தான் கட்டுனேன். எனக்கு மட்டும் தூக்கம் வருதா?"

"அப்ப அவனுக்கு ஏன் வரணும்?"

"அவன மட்டும் மாட்டிவிட்டுட்டு நம்ம நல்லவங்க ஆகிறலாம்னு பாக்குறீங்க."

அவன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். வாயை மூடச் சொன்னேன். மாலையில் தாத்தாவிடம் போய், ஞாயிற்றுக்கிழமை கண்டிக்கு வா, ஒரு தமாஷ் காட்டுகிறேன் என்றேன். மச்சான் போன பிறகு அவள் டவுனுக்குப் போவதே இல்லை, கறுப்பு அபாயாவைக் கண்டால் பஸ்ஸில் முறைக்கிறார்கள் என்று. "யாருட பேச்சு?" என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். இடியப்ப மாவை இன்னும் இரண்டு தடவை அழுத்திப் பிசைந்தாள். பிறகு, "வாறேன்" என்றாள்.

ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. கெம்பஸ் பிள்ளைகள், ஆசிரியர்கள், வெள்ளைச் சாரி கட்டிய பெண்கள், தொப்பி போட்ட சிலர், பின் வரிசையில் சேரின் பழைய மாணவர்கள் இருபது முப்பது பேர். தாத்தா நாலாம் வரிசை ஓரக் கதிரையில் உட்கார்ந்தாள். சேர் மேடைக்கு ஏறும்போது என்னைக் கண்டு நின்றான். தலை நரைத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது.

"அரூஸ்! நீயா? அப்படியென்றால் சத்தத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை" என்றான். எல்லாப் பல்லும் தெரிந்தது. அவனுடைய மைக்கைச் சரிபார்த்தபோது வழக்கம்போல என் வாயிலிருந்து வந்தது: "தென் ஹரித, சேர்?" மண்டபம் முழுக்கக் கேட்டது. "ஹரி, ஹரி" என்றான், சரி சரி என்று.

மௌலவி அளந்து பேசினார். ஃபாதர் அன்பைப் பற்றிப் பேசினார். கெம்பஸ் மேடம் சட்டத்தைப் பற்றிப் பேசினார், யாரும் கேட்கவில்லை. கடைசியாக அவன் எழுந்தான். மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நான் என் இனத்தை நேசிக்கிறேன்" என்று மெதுவாகத் தொடங்கினான். "அது குற்றமா? தாயை நேசிக்கிறவன் பக்கத்து வீட்டுத் தாயை வெறுக்கிறானா? அந்த நாட்களில் என் பெயரைச் சொல்லி யார் யாரோ ஏதேதோ செய்தார்கள். நான் ஒரு கடையின் பெயரை, ஒரு மனிதனின் பெயரை என் வாயால் சொன்னதில்லை. இருந்தாலும் செய்யாத குற்றத்துக்கும் மன்னிப்புக் கேட்க நான் தயார். அதுதான் என் சமயம்."

கை தட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம் அவன். நிறுத்தவில்லை, கையை நீட்டி என்னைக் காட்டினான்.

"அதோ, அரூஸ். முஸ்லிம் சகோதரர். எத்தனையோ வருடம் எனக்கு மைக் போட்டவர். அவரைக் கேளுங்கள், நான் ஒரு நாளாவது ஒரு பெயரைச் சொன்னேனா என்று."

தாத்தா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவனுடைய மைக்கின் சத்தத்தை இறக்கிவிட்டுப் பதிவைத் தட்டினேன்.

பட்டியல் மண்டபத்தில் ஒலித்தது. அதே குரல், அப்போது இன்னும் கொஞ்சம் கனமாக இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதாக ஹுஸைன் பேக்கரி. தாத்தாவின் தோள் ஒரு தடவை தூக்கிப்போட்டது. ஐந்தாவது, ஆறாவது. இவற்றில் ஒரு பிடி சீனி வாங்கினாலும் நீ உன் தாயை விற்றவன் என்று முடிந்தது. எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். அவனுடைய முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதைப் பார்க்கப் பார்க்க இனித்தது.

ஆனால் அவன் முந்நூறு பிள்ளைகளை அடக்கி ஆண்டவன். அரை நிமிடத்தில் சிரிப்பு திரும்பி வந்தது. தன் மைக்கைத் தட்டிக் காட்டினான். நான் ஏற்ற வேண்டியதாயிற்று.

"பிள்ளைகளே, இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரைக் கேட்டால் என் குரலில் பாட்டே பாடும். என் வகுப்புப் பையன்கள் தினமும் செய்கிற விளையாட்டு. இதற்கு முன் என்ன, பின் என்ன? எங்கே பதிந்தது? யார் பதிந்தது? தலையும் இல்லை, வாலும் இல்லை. யாரோ வெட்டி ஒட்டிக் கொடுத்ததை இந்த அப்பாவி மனிதர் நம்பிவிட்டார்."

சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தான், பின் வரிசையில் கை தட்டினார்கள். பொய், பொய் என்று ஒருவன் கத்தினான். கண்ணைத் துடைத்த பெண் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சஞ்சீவனி மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள்.

"என்னண்ணே இது? முழுசு இருக்கா? இருந்தா போடுங்க. இல்லாட்டி நான் அவருகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

முழுசு இருந்தது. அதே கணினியில், பக்கத்திலேயே இருந்தது. சந்திரகுமார் வயர்ச் சுருளைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். நாலாம் வரிசையில் தாத்தா முழுதாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். இப்போது நிறுத்தினால் நான் ஏமாந்த அப்பாவி, அவன் மகான். வீட்டுக்குப் போனால் தாத்தா எனக்குச் சோறு போடுவாள். போட்டால் அவன் தொலைந்தான், நானும் தொலைந்தேன். ஏழு வருடமாக அவனைத் தின்ன வேண்டும் என்று பசியோடு இருந்தவன் நான். என்னையும் சேர்த்துத்தான் தின்ன வேண்டும் என்றால் அதுவும் சரி என்று தோன்றியது. முழுப் பதிவைத் திறந்து, பட்டியல் தொடங்குகிற இடத்துக்கு நகர்த்தி, சத்தத்தைக் கூட்டினேன்.

கோன் இரைச்சல். கூட்டத்தின் சலசலப்பு. இரண்டு பெயர். கேட்கவில்லை என்று ஒரு கூச்சல். "பின்னால் கேட்கவில்லையாம், கொஞ்சம் கூட்டு" என்று அவன். பிறகு தெளிவாக, பக்கத்தில் நின்று பேசுவதுபோல, நான்.

"தென் ஹரித, சேர்?"

ஒரு மணி நேரத்துக்கு முன் இதே மண்டபம் இதே வார்த்தையை இதே இழுப்போடு கேட்டிருந்தது. முன் வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. இனி யாரும் கம்ப்யூட்டர் என்று சொல்ல முடியாது. பட்டியல் முதலிலிருந்து தொடங்கியது.

பட்டியல் நாலாவது பெயருக்கு வருவதற்குள் அவன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான். சிரிப்பு போயே போய்விட்டது.

"அப்போ இவன் யார்?" என்று கத்தினான். "நான் வாயால் சொன்னேன், இவன்தானே ஊருக்கே கேட்க வைத்தான்! நான் கூட்டு என்றதும் கூட்டினானே, வேண்டாம் என்றானா? என்னை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்?"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே விளங்கியது. மைக்கை நான் இறக்கவில்லை. அவன் ஒப்புக்கொண்டது கடைசி வரிசை வரைக்கும் இரைச்சல் இல்லாமல் போனது. கெம்பஸ் பிள்ளைகள் கைபேசிகளைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். கெம்பஸ் மேடம் தன் கதிரையை அவனுக்குப் பக்கத்திலிருந்து நகர்த்திப் போட்டார். மௌலவி குனிந்து நிலத்தைப் பார்த்தார். பின் வரிசைப் பழைய மாணவர்களில் ஒருவனும் கை தட்டவில்லை. இரண்டு மூன்று பேர் எழுந்து போனார்கள். அவன் மேடைப்படியில் இறங்கும்போது கால் தடுக்கி விழப் பார்த்தான், ஒருவரும் கை கொடுக்கவில்லை. அந்தக் காட்சியை நான் ஆசை தீரப் பார்த்தேன். மச்சானுடைய பதினொரு மாதத்துக்கு அது காணாது. ஆனாலும் பார்த்தேன்.

மண்டபம் காலியானது. சந்திரகுமார் பெட்டிகளை லொறிக்குக் கொண்டுபோகத் தொடங்கினான். தாத்தா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்டைக்கு நீ கம்பளையில ஈந்தேன்டு சென்னாய்."

நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கை நிற்கவில்லை.

"மச்சான் பேக்கரி வாசல்ல நிண்டு கேட்டீக்கார். வீட்டுக்கு வந்து, 'றம்லத், அது அரூஸ்ட சத்தம்' எண்டு அண்டைக்கே சென்னார். நான் இல்லன்டேன். என்ட தம்பி அப்பிடிச் செய்ய மாட்டான், அவன் கம்பளையில எண்டு அவரோட சண்டை பிடிச்சேன்." அவள் குரல் உயரவே இல்லை. "மூச்சு எடுக்க ஏலாமக் கெடக்கச் செல்லயும் ஒருக்கா சென்னார். கோவமா இல்ல, சும்மா சென்னார். அப்பவும் நான் இல்லன்டு செல்லி, அவர்ட மொகத்தப் பாக்காம மத்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன். ரெண்டு நாளையில மௌத்தாப் போனார். என்ட புருஷனப் பொய்க்காரனாக்கி அனுப்பிட்டேன், ஒனக்காக."

"தாத்தா..."

"அப்பிடிக் கூப்பிடாத." கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தாள். "அந்த ரெக்கோர்டிங் எனக்கு வேணும். மொதல் போட்ட மாதிரி வெட்டினது இல்ல. முழுசும்."

"என்னத்துக்கு?"

"பொலிசுக்குப் போறேன். அண்டைக்கு யாரெண்டு தெரியாதுன்டு எழுதினாங்க தானே? இப்பத் தெரியும். அவன்ட பேரு மொதலாவது. ஒன்ட பேரு ரெண்டாவது."

அந்த இடத்திலேயே அனுப்பினேன். பெரிய பதிவு, போய்ச் சேர நேரம் எடுத்தது. இரண்டு பேரும் கைபேசித் திரையில் வட்டம் சுற்றி முடிவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வந்துவிட்டது என்று தெரிந்ததும் அவள் அதைக் காதில் வைத்து, கொஞ்சம் கேட்டாள். எந்த இடத்தைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். பிறகு அபாயாவைத் தூக்கிப் பிடித்துப் படியிறங்கி வீதிக்குப் போனாள்.

"நானா, லொறியில ஏறுங்க. அக்கா கோவத்துல பேசுது, நாளைக்கிச் சரியாகிடும்" என்றான் சந்திரகுமார்.

சரியாகாது என்று எனக்குத் தெரியும். அந்தக் கோபம் எங்கள் குடும்பத்துக் கோபம், நானும் அதே பால் குடித்தவன். மெமரி கார்ட்டைப் பணப்பையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். முதலாவது பெயருக்கு எதிராக, அந்தப் பதிவை நானே பதிந்தேன் என்று சாட்சி சொல்ல உலகத்தில் இரண்டாவது பெயர்க்காரன் ஒருவன்தான் இருக்கிறான். ரத்நசிறி சேர் உள்ளே போக வேண்டுமென்றால் நானும் போக வேண்டும், போனால் போகட்டும். லொறியைக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, வாவிக் கரையில் அவளுக்கு இருபது அடி பின்னால் நடந்தேன். அவள் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.